நானோ நிரப்பிகளால் வலுவூட்டப்பட்ட மக்கும் நெகிழிப் படலங்கள்

நானோ நிரப்பிகளால் வலுவூட்டப்பட்ட மக்கும் நெகிழிப் படலம் என்பது, நுண்ணுயிரிகளால் சிதைக்கப்படக்கூடிய நெகிழி ஒன்றினுள் மிகச் சிறிய துகள்களைக் கலந்து உருவாக்கப்படும் மெல்லிய படலம் ஆகும். இத்துகள்களின் நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாவது 100 நானோமீட்டருக்குக் குறைவாக இருக்கும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. களிமண் தகடுகள், செல்லுலோசுப் படிகங்கள், கைட்டின் இழைகள், உலோக ஆக்சைடுத் துகள்கள் போன்றவை இவ்வாறு நிரப்பிகளாகப் பயன்படுகின்றன.

மக்கும் நெகிழிகள் பொதுவாக வலுக் குறைந்தனவாகவோ, எளிதில் முறிவனவாகவோ, ஈரத்தையும் வளிமங்களையும் எளிதில் ஊடுருவ விடுவனவாகவோ உள்ளன. எடையில் ஏறத்தாழ 1 முதல் 5 விழுக்காடு வரையிலான நானோ நிரப்பியைக் கொண்டு இக்குறைகளைக் குறைக்க முடியும். ஆயினும் பயன் தருவது நிரப்பியின் அளவு மட்டுமன்று. அது படலத்தினுள் எவ்வளவு நன்றாகப் பிரிந்து பரவியுள்ளது என்பதே முதன்மையானது. மேலும், வலுவூட்டப்பட்ட பின்னரும் அப்படலம் மக்கக்கூடியதாகவே இருத்தல் வேண்டும். பயன்பாட்டுக் காலத்தில் உறுதியும், அதன்பின் சிதைவும் என்னும் இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவு செய்வதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

பின்னணி

பாலித்தீன் படலம் மலிவானது. கிழியும் முன் பல மடங்கு நீளக்கூடியது. நீராவியை எளிதில் ஊடுருவ விடாதது. உணவுப் பொதிகளுக்கும் கைப்பைகளுக்கும் அது பெருமளவில் பயன்படுவதற்கு இவையே காரணங்கள். அதன் மூலக்கூற்றுச் சங்கிலி கார்பன்-கார்பன் பிணைப்புகளால் மட்டுமே ஆனது. இப்பிணைப்புகளைச் சிதைக்கவல்ல நொதிகள் மண்ணில் மிக அரிது என்பதால், பாலித்தீன் நெடுங்காலம் சிதையாமல் கிடக்கின்றது.

மக்கும் நெகிழிகளின் சங்கிலிகளில் எசுத்தர் பிணைப்பு, கிளைக்கோசைடுப் பிணைப்பு முதலான, நீராலும் நொதிகளாலும் வெட்டப்படக்கூடிய இணைப்புகள் உள்ளன. மக்குவதற்குக் காரணமான இவ்விணைப்புகளும் அவற்றை ஒட்டிய வேதித் தொகுதிகளும் நீரை ஈர்க்கும் தன்மை கொண்டவை. ஆகவே மக்கும் இயல்பும், ஈரத்தால் பாதிக்கப்படும் இயல்பும் பெரும்பாலும் சேர்ந்தே அமைகின்றன.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளவேண்டும். தாவரங்களிலிருந்து பெறப்படும் நெகிழிகள் அனைத்தும் மக்குவன அல்ல. கரும்பிலிருந்து பெறப்படும் எத்தனாலைக் கொண்டு ஆக்கப்படும் பாலித்தீன், பெட்ரோலியத்திலிருந்து ஆக்கப்படும் பாலித்தீனைப் போன்றே மக்காதது. மறுபுறம், பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து ஆக்கப்படும் சில பாலியெசுத்தர்கள் மக்கக்கூடியன.

வரலாறு

நானோ நிரப்பிகளால் நெகிழிகளை வலுவூட்டும் முறை முதலில் மக்காத நெகிழிகளில் வளர்ந்தது. 1980களில் ஜப்பானின் டொயோட்டா மைய ஆய்வு, மேம்பாட்டு ஆய்வகத்தினர், களிமண் தகடுகளுக்கு இடையே நைலான்-6 சங்கிலிகளை வளரச் செய்து ஒரு புதிய பொருளை உருவாக்கினர். 1993 இல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரைகளின்படி, 5 விழுக்காட்டுக்கும் குறைவான களிமண்ணைச் சேர்த்ததால் நைலானின் விறைப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. சுமையின் கீழ் உருமாறத் தொடங்கும் வெப்பநிலை 65 பாகை செல்சியசிலிருந்து 140 பாகைக்கு மேல் உயர்ந்தது. இப்பொருள் மகிழுந்தின் எந்திரப் பகுதியில் பட்டை உறை செய்யப் பயன்படுத்தப்பட்டது.

இக்கண்டுபிடிப்பு மக்கும் நெகிழிகளின்பால் ஆய்வாளர்களின் கவனத்தைத் திருப்பியது. 1997 இல் ஓகாட்டாவும் அவருடைய குழுவினரும் பாலிலாக்டிக் அமிலத்தைக் குளோரோபார்மில் கரைத்து, களிமண்ணுடன் கலந்து படலமாக வார்த்தனர். அதில் களிமண் தகடுகள் தனித்தனியே பிரியாமல் அடுக்குகளாகவே தங்கிவிட்டன. 2002 ஆம் ஆண்டு முதல் நகோயாவில் உள்ள டொயோட்டா தொழில்நுட்பக் கழகத்தில் சுப்ரகாசு சின்கா ராய், மசாமி ஒகமோட்டோ ஆகியோர் உருகுநிலையில் கலக்கும் முறையால், தகடுகளுக்கு இடையே பாலிலாக்டிக் அமிலம் நுழைந்த கலப்புப்பொருள்களை உருவாக்கி, அவற்றின் வலிமையையும் மக்கும் வேகத்தையும் ஒருங்கே ஆராய்ந்தனர்.

செல்லுலோசு நிரப்பிகளின் வரலாறு தனியானது. 1951 இல் சுவீடனைச் சேர்ந்த பெங்கிட்டு ரான்பி, செல்லுலோசைக் கந்தக அமிலத்தால் பகுத்து, நீரில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களைப் பெற்றார். நெகிழியை வலுவூட்ட அவை பயன்படும் என்பது 1995 இல் தெளிவாக வெளிப்பட்டது. அவ்வாண்டில் பிரான்சின் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள், உறையுடலிகள் எனும் கடல்வாழ் உயிரினங்களிலிருந்து பெற்ற செல்லுலோசுப் படிக இழைகளை இரப்பர்ப்பால் போன்ற நீர்மத்துடன் கலந்து, மிக விறைப்பான படலங்களை உருவாக்கினர்.

அடிப்பொருளாகப் பயன்படும் மக்கும் நெகிழிகள்

மாப்பொருள்: சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு முதலியவற்றிலிருந்து பெறப்படுவது. மாப்பொருள் மணிகளை நீருடனும் கிளிசரால் போன்ற நெகிழ்வூட்டியுடனும் சேர்த்துச் சூடாக்கிப் பிசையும்போது, மணிகளின் படிக அமைப்புக் குலைந்து, வார்க்கத்தக்க நெகிழி கிடைக்கின்றது. இது மலிவானது, விரைவில் மக்கும். உலர்ந்த நிலையில் ஆக்சிசனை நன்கு தடுக்கும். ஆனால் ஈரக் காற்றில் நீரை உறிஞ்சி வலுவிழக்கும். நாட்பட வைத்தால் மீண்டும் படிகமாகி விறைத்து முறியும். தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் மரவள்ளிக்கிழங்கு மாவும் சவ்வரிசியும் பெருமளவில் உற்பத்தியாகின்றன. இதே மரவள்ளி மாப்பொருள் படல ஆய்வுகளிலும் பரவலாகப் பயன்படுத்தப்படும் மூலப்பொருள் ஆகும்.

பாலிலாக்டிக் அமிலம்: சர்க்கரையை நொதிக்கச் செய்து பெறும் லாக்டிக் அமிலத்திலிருந்து ஆக்கப்படும் பாலியெசுத்தர். ஒளி ஊடுருவும், ஏறத்தாழ 50 முதல் 60 மெகாபாசுக்கல் இழுவை வலிமை கொண்டது. ஆயினும் சில விழுக்காடு நீண்டவுடனேயே முறிந்துவிடும். ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இளகும். 2002 இல் அமெரிக்காவின் நெப்ராசுகா மாநிலத்தில் உள்ள பிளேர் நகரில் இதற்கான பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது.

பாலிஐதராக்சி பியூட்டிரேட்டு: பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் ஆற்றல் சேமிப்பாகத் தேக்கி வைக்கும் பாலியெசுத்தர். 1920களில் பிரான்சின் பாசுச்சர் நிறுவனத்தில் மோரிசு லெமுவான் இதனைக் கண்டறிந்தார். இது எளிதில் முறியும். இதன் உருகுநிலையும் சிதையும் வெப்பநிலையும் நெருக்கமாக இருப்பதால் உருக்கி வார்ப்பது கடினம்.

பிபிஏடி: பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து ஆக்கப்படும், ஆனால் மக்கக்கூடிய பாலியெசுத்தர். பல மடங்கு நீளும், விறைப்புக் குறைவு. மாப்பொருளுடனோ பாலிலாக்டிக் அமிலத்துடனோ கலந்து பைகள் செய்யப் பயன்படுகின்றது.

நானோ நிரப்பிகளின் வகைகள்

களிமண் தகடுகள்

மிகுதியாக ஆராயப்பட்ட நிரப்பி மாண்ட்மொரில்லோனைட்டு ஆகும். பிரான்சில் உள்ள மாண்ட்மொரில்லான் என்னும் ஊரின் பெயரால் இது வழங்கப்படுகின்றது. பெண்டோனைட்டு என்னும் களிமண்ணின் முதன்மைக் கூறு இதுவே. இந்தியாவில் குசராத்தின் கட்சு பகுதியிலும் இராசத்தானின் பார்மேர் பகுதியிலும் பெண்டோனைட்டு வெட்டியெடுக்கப்படுகின்றது.

இக்கனிமம் புத்தகத்தின் தாள்களைப் போன்று அடுக்கப்பட்ட தகடுகளால் ஆனது. ஒவ்வொரு தகட்டின் தடிப்பும் ஏறத்தாழ 1 நானோமீட்டர். அகலமோ நூறு நானோமீட்டருக்கும் மேல். தகடுகள் எதிர்மின்னேற்றம் உடையவை. அவற்றுக்கு இடையே சோடியம் முதலான நேர்மின் அயனிகள் உள்ளன. இந்தச் சோடியம் அயனிகளை அகற்றி, நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட அம்மோனிய அயனிகளைப் புகுத்தினால், தகடுகள் விலகி நிற்பதுடன் எண்ணெய்த் தன்மையும் பெறுகின்றன. இவ்வாறு மாற்றப்பட்ட களிமண் பாலிலாக்டிக் அமிலத்துடன் நன்கு கலக்கும். நீரை ஈர்க்கும் மாப்பொருளுடன் கலப்பதற்கோ மாற்றப்படாத இயற்கைக் களிமண்ணே பொருத்தமானது.

செல்லுலோசு

தாவரச் செல்சுவரில் உள்ள செல்லுலோசு, ஒழுங்கான படிகப் பகுதிகளும் ஒழுங்கற்ற பகுதிகளும் மாறிமாறி அமைந்த இழை ஆகும். அடர்த்தியான கந்தக அமிலத்தில் இட்டு மிதமாகச் சூடாக்கினால், ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்து, படிகப் பகுதிகள் குச்சி வடிவில் எஞ்சுகின்றன. இவை செல்லுலோசு நானோபடிகங்கள் எனப்படும். மரத்திலிருந்து பெறப்படுபவை சில நானோமீட்டர் தடிப்பும், நூறு முதல் இருநூறு நானோமீட்டர் வரை நீளமும் கொண்டவை. அமிலத்திற்கு மாற்றாக, மரக்கூழை உயர் அழுத்தத்தில் மிகக் குறுகிய வழியே செலுத்தி உரசச் செய்தால், நீண்டு வளையக்கூடிய செல்லுலோசு நானோஇழைகள் கிடைக்கின்றன. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாயும் அவருடைய குழுவினரும், ஆக்சிசனேற்ற முன்வினை ஒன்றின் வழியாக, இவ்வாறு பிரிப்பதற்குத் தேவையான ஆற்றலை வெகுவாகக் குறைத்தனர். இப்பணிக்காக 2015 இல் மார்க்குசு வாலன்பரி பரிசு வழங்கப்பட்டது.

கைட்டின்

இறால், நண்டு ஆகியவற்றின் ஓடுகளில் உள்ள கைட்டினை ஐதரோகுளோரிக் அமிலத்தால் பகுத்து நானோபடிகங்கள் பெறலாம். கடலுணவுத் தொழிற்சாலைக் கழிவே இதன் மூலப்பொருள் என்பது ஒரு நன்மை.

உலோகங்களும் உலோக ஆக்சைடுகளும்

துத்தநாக ஆக்சைடு, தைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளி ஆகியவற்றின் நானோதுகள்கள் வலுவூட்டுவதைக் காட்டிலும், நுண்ணுயிர்களைத் தடுக்கவும் புறஊதாக் கதிர்களை மறைக்கவுமே சேர்க்கப்படுகின்றன.

வலுவூட்டல் நிகழும் விதம்

பரப்பளவு

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் களிமண் கட்டியின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை 1 நானோமீட்டர் தடிப்புள்ள தகடுகளாகச் சீவ முடிந்தால் ஒரு கோடித் தகடுகள் கிடைக்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் இரு முகங்கள் உள்ளதால், மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர் ஆகின்றது. நெகிழியின் சங்கிலிகள் நிரப்பியைப் பற்றுவது இப்பரப்பின் வழியாகவே. ஆகவே மிகச் சிறிதளவு நிரப்பியே படலம் முழுவதிலும் உள்ள சங்கிலிகளின் அசைவைக் கட்டுப்படுத்த வல்லது.

விசைப் பகிர்வு

பாலிலாக்டிக் அமிலத்தின் யங் குணகம் ஏறத்தாழ 3 கிகாபாசுக்கல். செல்லுலோசு நானோபடிகத்தின் குணகம் 100 கிகாபாசுக்கலுக்கு மேல். களிமண் தகட்டின் குணகம் அதனினும் கூடுதல் என மதிப்பிடப்பட்டுள்ளது. படலத்தை இழுக்கும்போது, நெகிழிக்கும் நிரப்பிக்கும் இடையே உள்ள பற்று வலுவாக இருந்தால், விசையின் ஒரு பகுதி விறைப்பான நிரப்பிக்கு மாற்றப்படுகின்றது. பற்று வலுவற்றதாயின், நிரப்பி இருக்கும் இடமே பிளவு தொடங்கும் இடமாகிவிடும்.

தொடர்வலை

குச்சி வடிவ நிரப்பிகள் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது ஒன்றையொன்று தொட்டு, படலம் முழுவதும் பரவிய வலையாக அமைகின்றன. செல்லுலோசுக் குச்சிகள் தம்முள் ஐதரசன் பிணைப்பால் இணைவதால் இவ்வலை மிக உறுதியானது. வலை தோன்றுவதற்குத் தேவையான கனஅளவுப் பங்கு, தோராயமாக 0.7 ஐக் குச்சியின் நீள-தடிப்பு விகிதத்தால் வகுத்தால் கிடைக்கும். விகிதம் 70 ஆயின் 1 விழுக்காடு போதும். விகிதம் 10 ஆயின் 7 விழுக்காடு தேவை.

வளைபாதை

வளிம மூலக்கூறு ஒன்று வெறும் நெகிழியினூடே ஏறத்தாழ நேராகக் கடந்துவிடும். ஊடுருவ முடியாத தகடுகள் குறுக்கே இருந்தால், அது ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் செல்ல வேண்டியுள்ளது. 1967 இல் லாரன்சு நீல்சன் முன்வைத்த எளிய வாய்பாடு வருமாறு:

ஊடுருவல் விகிதம் = (1 − நிரப்பியின் கனஅளவுப் பங்கு) ÷ (1 + (தகட்டின் நீள-தடிப்பு விகிதம் ÷ 2) × நிரப்பியின் கனஅளவுப் பங்கு)

தகடுகள் அனைத்தும் படலத்தின் பரப்புக்கு இணையாகக் கிடக்கின்றன என்பது இவ்வாய்பாட்டின் எடுகோள். எடுத்துக்காட்டாக, கனஅளவில் 2 விழுக்காடு (எடையில் ஏறத்தாழ 4 விழுக்காடு) களிமண்ணைச் சேர்ப்பதாகக் கொள்வோம்.

தனித்தனியே பிரிந்த தகடுகள், விகிதம் 100: ஊடுருவல் 0.49, அதாவது ஏறத்தாழ பாதி.
பத்துப் பத்தாக ஒட்டிய தகடுகள், விகிதம் 10: ஊடுருவல் 0.89.
உருண்டை போன்ற திரள்கள், விகிதம் 1: ஊடுருவல் 0.97.

மூன்றிலும் களிமண்ணின் அளவு ஒன்றே. பிரிந்து பரவிய விதம் மட்டுமே வேறு.

பரவலும் திரள்தலும்

மேற்கூறிய கணக்கு காட்டுவதுபோல், நிரப்பியின் பரவலே பயனைத் தீர்மானிக்கின்றது. களிமண்ணைப் பொறுத்தவரை மூன்று நிலைகள் குறிப்பிடப்படுகின்றன.

1. திரள் நிலை: தகடுகள் பிரியாமல் கட்டிகளாகவே உள்ளன. இது சாதாரண நிரப்பியைப் போன்றதே.
2. இடைநுழைந்த நிலை: நெகிழிச் சங்கிலிகள் தகடுகளுக்கு இடையே புகுந்து இடைவெளியை அகலமாக்கியுள்ளன, அடுக்கு முறை குலையவில்லை.
3. பிரிந்த நிலை: தகடுகள் தனித்தனியே சிதறியுள்ளன. மிகுதியான பயன் தருவதும் அடைவதற்கு அரியதும் இதுவே.

நானோதுகள்களின் பெரும் பரப்பே அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கும் காரணமாகின்றது. செல்லுலோசு நானோபடிகங்களை உலர்த்தினால், அவை ஐதரசன் பிணைப்பால் இறுகித் திரள்கின்றன. மீண்டும் நீரில் இட்டாலும் முழுமையாகப் பிரிவதில்லை. இதனால் நிரப்பியின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வலிமை ஒரு நிலை வரை உயர்ந்து, பின்னர் குறையத் தொடங்கும்.

மாப்பொருள் படலங்களில் வேறொரு சிக்கலும் உண்டு. நெகிழ்வூட்டியாகச் சேர்க்கப்படும் கிளிசரால், மாப்பொருளை முந்திக்கொண்டு களிமண் தகடுகளுக்கு இடையே புகுந்துவிடக்கூடும். அவ்வாறாயின் தகடுகள் போதிய அளவு பிரிவதில்லை.

எக்சு-கதிர் விளிம்பு விளைவைக் கொண்டு தகடுகளின் இடைவெளியை அளக்கலாம். ஈரம் குறைந்த இயற்கைச் சோடியக் களிமண்ணில் ஏறத்தாழ 1.2 நானோமீட்டராக உள்ள அடுக்குத் தொலைவு, சங்கிலிகள் நுழையும்போது கூடுகின்றது. தகடுகள் முற்றிலும் சிதறினால் அதற்குரிய முகடே மறைந்துவிடும். ஆனால் முகடு மறைவதற்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால், எதிர்மின்னி நுண்ணோக்கியில் நேரே பார்த்து உறுதிசெய்வது வழக்கம்.

தயாரிப்பு முறைகள்

கரைசல் வார்ப்பு: நெகிழியையும் நிரப்பியையும் ஒரே நீர்மத்தில் கலந்து, மீயொலியால் கலக்கி, தட்டில் ஊற்றி உலர்த்துவது. பரவல் நன்றாக அமையும். ஆய்வகங்களில் மிகுதியாகக் கையாளப்படுவது. ஆயினும் பெருமளவு கரைப்பானை ஆவியாக்க வேண்டியிருப்பதால் தொழிற்சாலைக்கு ஏற்றதன்று.

உருகுநிலைக் கலப்பு: எக்சுட்ரூடர் எனப்படும் திருகுப் பிழிவு எந்திரத்தில் நெகிழியை உருக்கி நிரப்பியுடன் பிசைந்து, பின்னர் குமிழாக ஊதிப் படலமாக்குவது. ஏற்கனவே உள்ள எந்திரங்களைப் பயன்படுத்தலாம் என்பது இதன் சிறப்பு. வெப்பம் ஒரு தடை. கந்தக அமிலத்தால் ஆக்கப்பட்ட செல்லுலோசு நானோபடிகங்களில் எஞ்சும் சல்பேட்டுத் தொகுதிகள் அவற்றின் வெப்பத் தாங்குதிறனைக் குறைப்பதால், பாலிலாக்டிக் அமிலம் உருகும் வெப்பநிலையில் அவை பழுப்பேறத் தொடங்கலாம். துத்தநாக ஆக்சைடு, உருகிய பாலிலாக்டிக் அமிலத்தின் சங்கிலிகள் அறுபடுவதை ஊக்குவிக்கின்றது. துகளின் பரப்பை முன்கூட்டியே பூசி மறைத்தால் இதனைக் குறைக்கலாம்.

உடனிகழ் பல்லுறுப்பாக்கம்: சிறு மூலக்கூறுகளை முதலில் தகடுகளுக்கு இடையே புகுத்தி, அங்கேயே சங்கிலிகளாக வளரச் செய்வது. நைலான் ஆய்வில் பின்பற்றப்பட்ட முறை இதுவே.

வலுவூட்டலின் எல்லைகள்

நிரப்பி சேர்ப்பதால் எல்லாப் பண்புகளும் ஒருசேர மேம்படுவதில்லை. விறைப்பு கூடும்போது, முறியும் முன் நீளும் அளவு பெரும்பாலும் குறைகின்றது. ஏற்கனவே எளிதில் முறியும் பாலிலாக்டிக் அமிலத்துக்கு இது பாதகமானது. ஆகவே அதனுடன் நெகிழ்வூட்டியோ, பிபிஏடி போன்ற நீளும் நெகிழியோ சேர்க்கப்படுகின்றது. மாறாக, மென்மையான மாப்பொருள் படலத்துக்கு விறைப்பே தேவை என்பதால், அங்கு நிரப்பியின் பயன் தெளிவாகத் தெரிகின்றது. செல்லுலோசு நிரப்பிகள் நீரை ஈர்ப்பன. ஈரம் மிகுந்த சூழலில் அவற்றின் வலை தளர்கின்றது.

வலுவூட்டலும் மக்குதலும்

வளிமத்தையும் ஈரத்தையும் தடுக்கும் தகடுகள், நீரும் நொதிகளும் நெகிழியை அடைவதையும் தாமதப்படுத்தும் என எதிர்பார்க்கலாம். ஆனால் ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் அமையவில்லை.

பாலிலாக்டிக் அமிலம் முதலில் நீராற்பகுப்பால் சிறு துண்டுகளாகி, அதன் பின்னரே நுண்ணுயிரிகளுக்கு உணவாகின்றது. சின்கா ராய், ஒகமோட்டோ ஆகியோரின் ஆய்வுகளில், மாற்றப்பட்ட களிமண் சேர்க்கப்பட்ட பாலிலாக்டிக் அமிலம், தூய பாலிலாக்டிக் அமிலத்தைவிட உரக்குவியலில் விரைவாகச் சிதைந்தது. களிமண்ணின் ஐதராக்சில் தொகுதிகள் நீருடன் சேர்ந்து நீராற்பகுப்பைத் தூண்டுவது இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. வேறு நெகிழிகளிலும் வேறு களிமண் வகைகளிலும் சிதைவு தாமதமானதாகவும் பதிவுகள் உள்ளன. நிரப்பியின் வகை, அதன் மேற்பரப்பு மாற்றம், பரவல், நெகிழியின் படிகத்தன்மை ஆகிய அனைத்தையும் பொறுத்தே விளைவு அமைகின்றது. எனவே ஒவ்வொரு கலவையையும் தனியே சோதித்தல் இன்றியமையாதது.

நெகிழி மக்கிய பின் நிரப்பி என்னாகின்றது என்பது அடுத்த வினா. செல்லுலோசும் கைட்டினும் தாமே மக்கிவிடுகின்றன. களிமண் கனிமமாதலால் மக்குவதில்லை. ஆயினும் அது மண்ணின் இயற்கையான கூறு. களிமண்ணில் புகுத்தப்பட்ட நீண்ட சங்கிலி அம்மோனிய அயனிகளுள் சில நுண்ணுயிர்களைக் கொல்லும் தன்மையுடையன. வெள்ளி, துத்தநாக ஆக்சைடு ஆகியவற்றின் நுண்ணுயிர்த் தடுப்பு ஆற்றல் உணவுப் பொதிக்கு நன்மை. உரக்குவியலுக்கு அதுவே தீமை.

தரநிலைகள்

ஐரோப்பியத் தரநிலையான இ.என். 13432 (2000), அமெரிக்கத் தரநிலையான ஏ.எசு.டி.எம். டி6400, பன்னாட்டுத் தரநிலையான ஐ.எசு.ஓ. 17088 ஆகியன உரமாகும் நெகிழிகளுக்கான அளவுகோல்களை வரையறுக்கின்றன. இந்தியாவில் ஐ.எசு./ஐ.எசு.ஓ. 17088 பின்பற்றப்படுகின்றது. இ.என். 13432 இன் முதன்மை விதிகள் சில:

கட்டுப்படுத்தப்பட்ட உரமாக்கல் சூழலில், 6 மாதங்களுக்குள் 90 விழுக்காடு உயிரிச் சிதைவு.
12 வாரங்களுக்குப் பின் 2 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் எச்சம் 10 விழுக்காட்டுக்கு மிகாமை.
விளையும் உரம் தாவர வளர்ச்சியைப் பாதிக்காமை.
கன உலோகங்களுக்கான உச்ச வரம்புகள்.

கடைசி விதி நானோ நிரப்பிகளுக்கு நேரடியாகப் பொருந்துகின்றது. துத்தநாகத்துக்கான வரம்பு ஒரு கிலோகிராமுக்கு 150 மில்லிகிராம். எடையில் 1 விழுக்காடு துத்தநாக ஆக்சைடு சேர்த்த படலம் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 8,000 மில்லிகிராம் துத்தநாகத்தைக் கொண்டிருக்கும். இது வரம்பைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல். அப்படலத்தின் நெகிழிப் பகுதி முழுவதும் மக்கினாலும், இத்தரநிலையின்படி அதனை உரமாகும் பொருள் எனக் கூறவியலாது.

இத்தரநிலைகள் தொழிற்கூட உரமாக்கலைக் கருதியவை. அங்கு வெப்பநிலை ஏறத்தாழ 58 பாகை செல்சியசு. தெருவோரத்திலோ கடலிலோ வீசப்படும் பாலிலாக்டிக் அமிலப் படலம் அவ்வேகத்தில் மக்குவதில்லை. நிரப்பி சேர்ப்பது இந்நிலையை மாற்றிவிடாது. மண்ணிலேயே மக்கவேண்டிய வேளாண் மூடுபடலங்களுக்கு இ.என். 17033 என்னும் தனித் தரநிலை 2018 இல் வெளியிடப்பட்டது.

பாதுகாப்பு

உலர்ந்த நானோத் தூளைக் கையாளும்போது அதனைச் சுவாசிக்கும் வாய்ப்பு உள்ளதால், தொழிலாளர் பாதுகாப்பு முதற்கண் கவனிக்கப்படவேண்டியது. படலத்தினுள் சிக்கிய பின் துகள்கள் உணவுக்குப் பெயர்கின்றனவா என்பது மற்றொரு வினா. 2005 இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், மாப்பொருள்-களிமண் படலப் பைகளில் கீரை வகைகள் வைத்துச் சோதிக்கப்பட்டன. கீரையில் இரும்பு, மக்னீசியம் ஆகியவற்றின் அளவு குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை. சிலிக்கனின் அளவு கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 10/2011 ஆம் எண் ஒழுங்குவிதியின்படி, உணவைத் தொடும் நெகிழியில் நானோ வடிவப் பொருளைப் பயன்படுத்த, அவ்வடிவத்துக்கென்றே தனி ஒப்புதல் பெறவேண்டும். அதே பொருளின் பெருவடிவத்துக்குத் தரப்பட்ட ஒப்புதல் போதாது.

பயன்பாடுகளும் இன்றைய நிலையும்

உணவுப் பொதிகள், காய்கறி உறைகள், வேளாண் மூடுபடலங்கள், காயங்களை மூடும் மருத்துவப் படலங்கள் ஆகியன இத்தொழில்நுட்பத்தின் நோக்கப் பயன்பாடுகள். நானோசெல்லுலோசு உற்பத்தி ஆய்வக அளவைக் கடந்துள்ளது. கனடாவின் கியூபெக்கு மாநிலத்தில் நாளொன்றுக்கு ஒரு தொன் நானோபடிகம் ஆக்கவல்ல ஆலை 2012 இல் திறக்கப்பட்டது. எனினும் கடைகளில் கிடைக்கும் மக்கும் பைகள் பெரும்பாலும் பிபிஏடி, மாப்பொருள், பாலிலாக்டிக் அமிலம் ஆகியவற்றின் கலவைகளே. அவற்றில் நிரப்பி சேர்க்கப்படுமாயின், அது வழக்கமாகச் சாதாரண சுண்ணாம்புத் தூளோ மாக்கல் தூளோ ஆகும்.

நிரப்பியின் விலை, பெரிய எந்திரங்களில் சீரான பரவலைப் பெறுவதன் கடினம், ஈரத்தால் ஏற்படும் தளர்வு, ஒப்புதல் பெறுவதற்கான சோதனைகள் ஆகியன இதற்குத் தடைகளாக உள்ளன. இவற்றுள் பரவலே அடிப்படையானது. தகடுகள் பிரியாத படலத்தில் நானோ நிரப்பி என்பது விலை மிகுந்த சாதாரண நிரப்பியாகவே அமைந்துவிடுகின்றது. தாமே மக்கக்கூடிய செல்லுலோசு, கைட்டின் ஆகிய நிரப்பிகள் மீது ஆய்வாளர்கள் கூடுதல் கவனம் செலுத்துவதற்கு, உறுதி, மக்குதல் ஆகிய இரு தேவைகளும் அவற்றில் ஒன்றுக்கொன்று முரண்படுவது குறைவு என்பதே காரணம்.

இவற்றையும் பார்க்க

மக்கும் நெகிழி
பாலிலாக்டிக் அமிலம்
மாப்பொருள்
செல்லுலோசு
நானோ தொழில்நுட்பம்
உரமாக்கல்